எச்.ஐ.வி. வைரசின் பரம்பரையலகும் கலப்பிரவேசமும்

நோய் விளைக்கும் நுண்பொருள்களுள் வைரசு தனிப்பட்ட இயல்பொன்றுடையது. பற்றீரியங்களுட் பெரும்பாலன தாமே உணவு கொண்டு தாமே பெருகுவன. வைரசோ பிறிதோர் உயிரின் கலத்துட் புகுந்தாலன்றிப் பெருகமாட்டாது. கலத்துக்குப் புறத்தே கிடக்குங்கால் அது உண்பதுமில்லை, சுவாசிப்பதுமில்லை, வளர்வதுமில்லை. உயிருள்ளதோ அன்றோ என அறிஞர் இன்றும் வழக்காடும் பொருள் அது. ஆதலால் எந்த வைரசைப் பற்றி ஆராயப் புகுந்தாலும், அது கலத்துள் எவ்வழியாற் செல்கின்றது என்பதே முதற்கண் எழும் வினா. அவ்வழி அடைபடுமாயின் அதன் மற்றை ஆற்றல்கள் யாவும் பயனற்றொழியும்.

மனிதனின் நோயெதிர்ப்பாற்றலைச் சிறுகச் சிறுக அழித்து எயிட்சு என்னும் நோயை விளைக்கும் எச்.ஐ.வி. வைரசைப் பொறுத்தவரை, இவ்வினா இரு பரம்பரைகள் சந்திக்குமிடத்தில் நிற்கின்றது. வைரசின் பரம்பரையலகில் ஓரிரண்டு எழுத்துக்கள் மாறுவதால் அது புகும் வாயில் மாறிவிடுதல் கூடும். மனிதனின் பரம்பரையலகொன்றில் 32 எழுத்துக்கள் குறைந்திருப்பின் ஒரு வாயில் பிறப்பிலேயே அடைபட்டுவிடும். நோயாளி ஒருவருக்குக் குறித்த ஒரு மருந்து பயன்படுமா என்பதும், அரிதாகச் சிலருக்கு அவர் உயிர் எவ்வழிச் செல்லும் என்பதும், இவ்விரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தனவாயின.

1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞருக்கு அபூர்வமான நியூமோனியாக் காய்ச்சல் கண்டதென அமெரிக்கச் சுகாதார வாரவெளியீடொன்று அறிவித்தது. எயிட்சு பற்றி வெளிவந்த முதல் மருத்துவக் குறிப்பு அதுவே. 1983இல் பாரிசு நகரப் பாஸ்டர் நிலையத்திலே பிரான்சுவாஸ் பறே சினூசியும் லுக் மொன்ரான்யேயும் அவர்தம் குழுவினரும் நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து வைரசைப் பிரித்தெடுத்தனர். அவ்விருவருக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிகளின் குருதியில் ஒருவகை வெண்குழியங்கள் மட்டும் குறைந்து செல்வதை வைத்தியர்கள் முன்னரே அவதானித்திருந்தனர். அவற்றின் புறத்தே சீ.டீ.4 எனப் பெயரிட்ட ஒரு புரதம் உண்டு. 1984ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனிலும் பாரிசிலும் இருந்த இரு குழுவினர் வெவ்வேறாக ஆராய்ந்து, அப்புரதத்தைப் பற்றியே வைரசு கலத்தை அடைகின்றது எனக் காட்டினர். எதிர்ப்புப்படையை நடத்தும் கலங்களையே இவ்வைரசு தேடிப் பிடிப்பது ஏன் என்பது இதனால் விளங்கிற்று.

வினா முடிந்தது எனப் பலர் எண்ணினர். 1986இல் நிகழ்ந்த ஒரு பரிசோதனை அது முடியவில்லை என்பதை வெளிப்படுத்தியது. மனிதனின் சீ.டீ.4 புரதத்தை எலியின் கலங்களில் உண்டாக்கி, அவற்றோடு வைரசைச் சேர்த்தனர். வைரசு அக்கலங்களில் ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளே செல்லவில்லை. சீ.டீ.4 உள்ள மனிதக் கலத்துள் தடையின்றிப் புகும் வைரசு, அதே புரதமுள்ள எலிக் கலத்தின் வாயிலில் நின்றுவிட்டது. மனிதக் கலத்தில் உள்ளதும் எலிக் கலத்தில் இல்லாததுமான இரண்டாவது பொருளொன்று இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது. அது யாது என்பது மேலும் பத்தாண்டுகள் மறைபொருளாகவே இருந்தது.

இவ்விடத்தில் வைரசின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். எச்.ஐ.வி.யின் பரம்பரைச் செய்தி முழுவதும் ஆர்.என்.ஏ. என்னும் இழையில் ஏறத்தாழ 9,700 எழுத்துக்களில் அடங்கும். ஒவ்வொரு வைரசுத் துணிக்கையிலும் அவ்விழை இரு பிரதிகளாக உண்டு. மனிதனின் பரம்பரைச் செய்தி 300 கோடி எழுத்துக்களுக்கு மேற்பட்டது என்பதை ஒப்புநோக்கின், இத்துணைச் சிறிய ஏடு செய்யும் பெருந்தீங்கு வியப்பளிக்கும். அவ்வேட்டில் ஒன்பது பரம்பரையலகுகள் உள. அவற்றுள் ‘என்வ்’ எனப்படுவதே வைரசின் மேலுறைப் புரதத்தை ஆக்குவது. அது ஆக்கும் நெடும்புரதத்தை மனிதக் கலத்தின் நொதியமொன்றே இரு துண்டாக வெட்டுகின்றது. புறத்தே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு ஜீ.பீ.120 எனவும், மென்சவ்வில் ஊன்றி நிற்கும் துண்டு ஜீ.பீ.41 எனவும் பெயர் பெறும். இவ்வாறான சோடிகள் மூன்று கூடி ஒரு முள்ளாகும். வைரசு ஒன்றின் மேற்பரப்பில் இத்தகைய முட்கள் ஏறத்தாழப் பதினான்கே உள்ளன. இன்புளுவென்சா வைரசில் அவை நூற்றுக்கணக்கில் உள. பயன்படுத்தும் கருவி சிலவேயாயினும் அவற்றைக் கையாளும் திறன் மிகுதி.

ஜீ.பீ.120 புரதத்தில் எல்லா எச்.ஐ.வி.களிலும் ஏறக்குறைய ஒரே தன்மையாக உள்ள பகுதிகளும், வைரசுக்கு வைரசு வேறுபடும் பகுதிகளும் உள. வேறுபடும் பகுதிகள் ஐந்து. அவற்றுள் மூன்றாவது, 35 அமினோவமிலங்கள் அளவிற்று. இரு முனைகளும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு கொக்கிபோல வளைந்து நிற்பது. ஆராய்ச்சியாளர் அதனை ‘வீ.3 வளையம்’ என்பர். கலத்தின் வாயிலைத் தெரிவது பெரும்பாலும் இவ்வளையமே.

வைரசுகள் யாவும் ஒரே நடத்தையின அல்ல என்பது துணைவாங்கி அறியப்படுமுன்னரே தெரிந்திருந்தது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 1986இல், சில நோயாளிகளிடமிருந்து பெற்ற வைரசு ஆய்வுசாலைக் கலங்களில் விரைந்தும் மிகுந்தும் பெருகுவதையும், வேறு சிலரிடமிருந்து பெற்றது மெதுவாகவே பெருகுவதையும் குறித்தனர். விரைந்து பெருகுவன பல கலங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பெரும் பிண்டங்களாக்கும் இயல்பும் உடையன. நோய் முற்றிய நிலையிலுள்ளாரிடமே அவை பெரிதும் காணப்பட்டன. 1992இல் ஆம்ஸ்ரடாம் நகர ஆராய்ச்சியாளர் இவ்விரு வகை வைரசுகளின் வீ.3 வளைய எழுத்துக்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு நோக்கினர். வளையத்தின் 11ஆம் இடத்திலோ 25ஆம் இடத்திலோ நேரேற்றமுடைய அமினோவமிலம் இருப்பின் அவ்வைரசு பெரும்பாலும் பிண்டம் ஆக்கும் இனத்தது எனக் கண்டனர். ஏன் என்று அப்போது எவராலும் கூறமுடியவில்லை. காரணம் அறியாமலே விதி கண்டறியப்பட்டதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

காரணம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1995ஆம் ஆண்டு திசெம்பரில், றொபேட் கலோ, பவுலோ லூசோ முதலியோர், மனிதனின் வெண்குழியங்களே சுரக்கும் மூன்று சிறு புரதங்கள் வைரசின் பெருக்கத்தைத் தடுக்கின்றன என வெளியிட்டனர். கெமோகைன் என்னும் வகையைச் சேர்ந்த அப்புரதங்களின் வழக்கமான தொழில் வேறு. உடலில் ஓரிடத்தில் காயமோ தொற்றோ உண்டாகுமிடத்து, வெண்குழியங்களை அவ்விடத்துக்கு அழைக்கும் தூதுவர் அவை. தூதைக் கேட்பதற்கு வெண்குழியத்தின் புறத்தே தக்க வாங்கிகள் உண்டு. தூதுவர் வைரசைத் தடுப்பாராயின், தூதுவர் அமரும் இருக்கையையே வைரசும் நாடுகின்றதோ என்னும் ஐயம் எழுந்தது.

1996 மே மாதத்தில் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் எட்வேட் பேகரின் குழுவினர், பத்தாண்டுகளாக நின்ற எலிக்கலப் புதிரை அவிழ்த்தனர். அவர்கள் கையாண்ட முறை பொறுமையும் கூர்மையும் ஒருங்கே வாய்ந்தது. சீ.டீ.4 உடைய எலிக் கலங்களுள் மனிதப் பரம்பரையலகுகளின் பெருந்தொகுதியொன்றைப் பங்குபங்காகச் செலுத்தினர். பின்னர், வைரசின் மேலுறைப் புரதத்தைத் தாங்கிய கலங்களை அவற்றோடு கலந்தனர். இருகலமும் ஒன்றாய் இணைந்தால் நீலநிறம் தோன்றுமாறு ஒழுங்கு செய்திருந்தனர். நீலநிறம் தோன்றிய பங்கை மேலும் மேலும் பகுத்துச் சென்று, இறுதியில் தனியொரு பரம்பரையலகைப் பிடித்தனர். அது கெமோகைன் வாங்கி இனத்தைச் சேர்ந்தது. முதலில் ‘பியூசின்’ எனப் பெயரிடப்பட்ட அது, இன்று சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 என வழங்குகின்றது.

ஆயின் இவ்வாயிலாற் புகுந்தவை பிண்டம் ஆக்கும் வைரசுகளே. புதிதாகத் தொற்றியோரிடம் காணப்படும் வைரசுகள் அவ்வாயிலை நாடவில்லை. எனவே இன்னொரு வாயில் இருத்தல் வேண்டும். முன்னைய ஆண்டு கண்ட மூன்று கெமோகைன்களையும் ஏற்கும் வாங்கி எது என நோக்குவோர்க்கு விடை கையெட்டும் தூரத்திலிருந்தது. ஒரே மாதத்தில், 1996 யூனில், ஐந்து குழுவினர் ஒருவர்பின் ஒருவராகச் சீ.சீ.ஆர்.5 என்னும் வாங்கியே அது என அறிவித்தனர். பின்னர் பெயர்வழக்கும் சீர்செய்யப்பட்டது. சீ.சீ.ஆர்.5 வழியாற் புகுவது ஆர்.5 வைரசு, சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 வழியாற் புகுவது எக்ஸ்.4 வைரசு, இரண்டையும் பயன்படுத்த வல்லது இருவழி வைரசு. விரைவு, மெதுவு, பிண்டமாக்குவது, ஆக்காதது என்ற பழைய பாகுபாடுகள் அனைத்துக்கும் அடியில் இருந்தது இவ்வாயில் வேறுபாடே.

வைரசு உட்செல்லும் முறை படிப்படியானது. முதலில் முள்ளின் புறத்தேயுள்ள ஜீ.பீ.120, கலத்தின் சீ.டீ.4 புரதத்தைப் பற்றும். பற்றியவுடன் ஜீ.பீ.120 தன் வடிவை மாற்றும். அதுவரை மறைவாயிருந்த வீ.3 வளையம் வெளிப்பட்டு முன்னே நீளும். சீ.டீ.4ஐப் பற்றிய நிலையில் ஜீ.பீ.120 எவ்வடிவினது என்பது 1998இல் பளிங்காய்வினால் அறியப்பட்டது. நீண்ட வளையத்தின் நுனி துணைவாங்கியின் வாயகத்துட் செல்லும். வளையத்தின் அடிப்பகுதி துணைவாங்கியின் வெளிமுனையைத் தழுவும். இவ்விரண்டாம் பிடி கிடைத்த பின்னரே ஜீ.பீ.41 இயங்கும். அது தன் கூர்முனையைக் கலத்தின் மென்சவ்வில் ஊன்றி, பின்னர் தானே மடிந்து, வைரசின் மென்சவ்வையும் கலத்தின் மென்சவ்வையும் அருகருகே இழுத்து ஒன்றாக்கும். எலிக் கலத்தில் முதற்பிடி மட்டுமே கிடைத்தது. அதனாற்றான் வைரசு வாயிலில் நின்றது. துணைவாங்கியைத் தொடும் பகுதியைத் தொடக்கத்திலேயே வெளிக்காட்டாது, சீ.டீ.4 கிடைத்த பின்னரே வெளிக்காட்டுவதில் வைரசுக்குப் பெரும் நன்மையுண்டு. வெளியில் திரியும் பிறபொருளெதிரிகள் அப்பகுதியைக் கண்டு பற்றுவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இனி, 11ஆம் இடமும் 25ஆம் இடமும் ஏன் முதன்மை பெற்றன என்பது எளிதில் விளங்கும். இரு துணைவாங்கிகளும் வெளிப்புறத்தில் மறையேற்றமுடையன; எனினும் சீ.எக்ஸ்.சீ.ஆர்.4இன் மறையேற்றம் சீ.சீ.ஆர்.5இனதினும் மிகுதியானது. வளையத்தில் நேரேற்றம் கூடுந்தோறும் அது சீ.எக்ஸ்.சீ.ஆர்.4ஐ நாடும். இம்மாற்றத்துக்கு வேண்டிய எழுத்துமாற்றமோ மிகச் சிறிது. ஆர்.என்.ஏ. மொழியில் மும்மூன்று எழுத்துக்கள் ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கும். ஏ.ஜீ.யூ. என்பது ஏற்றமில்லாத செரீனைக் குறிக்கும், ஈற்றெழுத்து ஏ. ஆக மாறின் ஏ.ஜீ.ஏ. என்பது நேரேற்றமுடைய ஆர்ஜினீனைக் குறிக்கும். அவ்வாறே ஜீ.ஏ.ஏ. என்பது மறையேற்றமுடைய குளுத்தாமிக்கமிலத்தையும், முதலெழுத்து மாறிய ஏ.ஏ.ஏ. என்பது நேரேற்றமுடைய இலைசீனையும் குறிக்கும். ஏறத்தாழ 9,700 எழுத்துக்களுள் ஒன்று மாறுவதால் ஒரு வைரசு வேறு வாயிலின் திசையில் திரும்பத் தொடங்குகின்றது.

அவ்வெழுத்து மாறுவதற்கு வாய்ப்பும் குறைவன்று. எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.யை டீ.என்.ஏ.யாகப் பெயர்த்தெழுதும் நொதியம் பிழைதிருத்தும் ஆற்றலற்றது. ஒரு இலட்சம் எழுத்துக்கு ஏறத்தாழ மூன்று வீதம் அது பிழைவிடும் என 1995இல் அளந்துள்ளனர். கணக்கிட்டால், மூன்று பிரதிகளுக்கு ஒன்றில் ஒரு பிழை காணப்படும். சிகிச்சை பெறாத நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி வைரசுத் துணிக்கைகள் தோன்றுகின்றன. அவற்றுட் பெரும்பாலன வீணே அழிந்துபோவனவெனினும், இயலக்கூடிய ஒற்றை எழுத்து மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குள்ளேயே எங்கோ ஓரிடத்தில் நிகழ்ந்துவிடும்.

அங்ஙனமாயின் வாயில் மாற்றம் தொற்றிய சில நாள்களிலேயே ஏன் நிகழ்வதில்லை? இஃது ஆழ்ந்து நோக்கவேண்டிய வினா. தொற்று நிகழும் வேளையில் ஏறக்குறைய எப்போதும் ஆர்.5 வைரசே புதியவரின் உடலில் நிலைகொள்கின்றது, கொடுத்தவரிடம் எக்ஸ்.4 வைரசு மிக்கிருந்த விடத்தும் இதுவே பெருவழக்கு. பின்னர் பல ஆண்டுகள் அதே இனம் நிலவும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரந்துள்ள பீ இன வைரசு தொற்றியோருள், சிகிச்சையின்றி நோய் முற்றியவரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமே எக்ஸ்.4 வைரசு தோன்றிற்று. முதல் எழுத்தை மாற்றிய வைரசு பழைய வாயிலில் முன்போற் பொருந்துவதில்லை. புதிய வாயிலிலும் இன்னும் செவ்வனே பொருந்துவதில்லை. இரண்டுங்கெட்ட அவ்விடைநிலையில் அது ஏனைய வைரசுகளோடு போட்டியிட்டுத் தோற்றுப்போகும். பிறபொருளெதிரிகளுக்கும் எளிதில் இரையாகும். மேலும் சில மாற்றங்கள் ஒருங்கே சேர்ந்தாலன்றி அப்பள்ளத்தைக் கடத்தல் அரிது. நோயெதிர்ப்பாற்றல் தளர்ந்த பின்னரே அதற்கு வாய்ப்பு மிகுகின்றது.

இவ்விடைவெளி எல்லா எச்.ஐ.வி. இனங்களுக்கும் ஒரே அகலத்ததன்று. கிழக்காபிரிக்காவில் காணப்படும் டீ இனம் எளிதில் எக்ஸ்.4 ஆகின்றது. தென்னாபிரிக்காவிலும் இந்தியாவிலும் பெரும்பான்மையான சீ இனமோ நெடுங்காலம் ஆர்.5 ஆகவே நின்றுவிடுவது மிகுதி. இந்தியாவில் இவ்வைரசு முதன்முதலில் அறியப்பட்டது 1986இல், சென்னையிலே, வைத்தியர் சுனித்தி சொலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட சோதனையால் என்பது தமிழுலகம் நினைவில் வைக்கத்தக்கது. பீ இனத்தின் வீ.3 வளைய நுனியில் பெரும்பாலும் ஆர்ஜினீன் நிற்குமிடத்தில், சீ இனத்தில் ஏற்றமற்ற குளுத்தமீன் நிற்கின்றது. ஐரோப்பிய வைரசுகளைக் கொண்டு வகுத்த விதிகளை ஏனைய இனங்களுக்கும் அப்படியே பொருத்துதல் பிழைக்கு இடமாகும் என்பதற்கு இதுவொரு சான்று.

எக்ஸ்.4 வைரசு தோன்றியபின் நோய் விரைவது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. சீ.சீ.ஆர்.5 வாங்கி முன்னரே நோயைச் சந்தித்துப் பழகிய வெண்குழியங்களிலும், கிருமிகளை விழுங்கும் பெருங்கலங்களிலும் மிகுதி. சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 வாங்கியோ இன்னும் எந்நோயையும் சந்தியாத இளங்குழியங்களிலும் நிறைந்துள்ளது. முன்னது படையின் அனுபவசாலிகளை அழித்தல். பின்னது படைக்குச் சேர்க்கவிருக்கும் இளைஞரையும் சேர்த்து அழித்தல். எனினும், எக்ஸ்.4 வைரசின் தோற்றம் நோய் முற்றுதற்குக் காரணமா அன்றி விளைவா என்பதில் அறிஞரிடை ஒருமைப்பாடில்லை. எக்ஸ்.4 வைரசு ஒருபோதும் தோன்றாமலே எயிட்சினால் இறந்தோர் பலர். ஆகவே அதனையே ஒரே காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

வைரசின் ஏட்டை இதுவரை நோக்கியவாறே மனிதனின் ஏட்டையும் நோக்குதல் வேண்டும். நோயுற்றோருடன் பன்முறை நெருங்கிப் பழகியும் தொற்றாது தப்பியோர் சிலர் இருந்தனர். 1996இல், சீ.சீ.ஆர்.5 அறியப்பட்ட இரண்டு மூன்று மாதங்களுள், நியூயோர்க்கில் இருந்த ஒரு குழுவினர் அத்தகைய இருவரின் பரம்பரையலகை வாசித்தனர். சீ.சீ.ஆர்.5 பரம்பரையலகில் 32 எழுத்துக்கள் குறைந்திருந்தன. மும்மூன்றாக வாசிக்கும் எழுத்துக்களில் 32 குறைந்தால், அதன் பின்னுள்ள எழுத்தெல்லாம் பிறழ வாசிக்கப்படும். அவ்வாறு ஆக்கப்பட்ட குறைப்புரதம் கலத்தின் புறத்தே வந்து சேர்வதேயில்லை. பிரசல்ஸ் நகரிலிருந்தும் அவ்விகாரமே அறிவிக்கப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்றோர் ஐரோப்பிய வம்சத்தாருள் நூற்றுக்கு ஒருவரளவில் உளர். ஆபிரிக்காவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் மிக அருமை. அவர்கள் பெரும்பாலும் நலமுடனே வாழ்வர். ஆயினும் வெஸ்ற் நைல் வைரசு தொற்றினால் இன்னோர்க்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி எனப் பின்னர் அறியப்பட்டது. ஒரு வாங்கி வீணே அமைந்ததன்று.

இக்குறையுடையோரும் முற்றாகத் தப்பியவரல்லர். அவருள் மிகச் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியே உள்ளது, அவ்வாறு தொற்றியது எக்ஸ்.4 வைரசு. 2018இல் சீன ஆராய்ச்சியாளரான ஹே ஜியான்குய், கருவிலிருக்கும் குழந்தைகளின் சீ.சீ.ஆர்.5 பரம்பரையலகைத் திருத்தியதாக அறிவித்தபோது எழுந்த கண்டனத்துக்கு அறநெறிக் காரணங்கள் பல இருந்தன. 2019இன் இறுதியில் அந்நாட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனையும் விதித்தது. அறத்தை ஒருபுறம் வைத்தாலும், அறிவியல் நோக்கிலும் அச்செயல் குறையுடையதே. இயற்கையில் உள்ள 32 எழுத்துக் குறைவு அக்குழந்தைகளில் ஆக்கப்படவில்லை. பயன் இன்னதென எவரும் சோதித்தறியாத புதிய மாற்றங்களே ஆக்கப்பட்டன. இன்னொரு வாயிலோ திறந்தபடியே இருந்தது.

வாயிலை மருந்தினால் அடைக்கும் முயற்சி இதனினும் நேரியது. மரவிரொக் என்னும் மருந்து அமெரிக்காவில் 2007 ஓகத்தில் அங்கீகாரம் பெற்றது. அது வைரசைத் தொடுவதில்லை. சீ.சீ.ஆர்.5 வாங்கியின் உட்குழியில் அமர்ந்து, அதன் வெளிவடிவை வைரசு அறியாதவாறு மாற்றிவிடும். ஆகவே நோயாளியிடம் உள்ளது ஆர்.5 வைரசேயாயின் மருந்து பயன்தரும், எக்ஸ்.4 வைரசு கலந்திருப்பின் பயன்தராது. மருந்தைக் கொடுக்குமுன் வாயிலை அறிந்தாகவேண்டிய நிலை வைத்தியருக்கு உண்டாயிற்று.

அறிவதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, நோயாளியின் வைரசிலிருந்து ‘என்வ்’ பரம்பரையலகை எடுத்து, ஆய்வுசாலை வைரசொன்றில் பொருத்தி, அது எவ்வாயிலுடைய கலத்துட் புகுகின்றது என நேரே பார்ப்பது. இதற்குப் பணமும் காலமும் மிகுதியாக வேண்டும். மற்றையது, வீ.3 வளையத்தின் எழுத்துக்களை மட்டும் வாசித்து, கணிப்பொறியின் துணையால் ஊகிப்பது. ஜேர்மனியின் சார்புறூக்கன் நகரில் அமைத்த கணிப்புமுறை இவ்வகையில் பெயர்பெற்றது. 11, 25 என்ற இரண்டிடத்து விதி எளிதெனினும் எக்ஸ்.4 வைரசுகள் பலவற்றைத் தவறவிடும். கணிப்புமுறையோ வளையம் முழுவதையும் நோக்கி நிகழ்தகவாக விடை தருகின்றது. 2011இல் ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் இவ்வழியையும் ஏற்றன. எவ்வழியைக் கையாளினும் சிறுபான்மை வைரசே இடர் விளைப்பது. முதலில் வழங்கிய நேர்ச்சோதனை நூற்றுக்குப் பத்துக்குக் குறைந்த எக்ஸ்.4 வைரசைக் காணத் தவறிவிடக்கூடியதாயிருந்தது. மரவிரொக் பெற்ற சிலரில் மருந்து தோற்றபோது பெருகிய எக்ஸ்.4 வைரசு, மருந்தினால் உண்டானதன்று. முன்னரே மறைந்திருந்த சிறுபான்மையே. வேறு சிலரிலோ, மருந்து அமர்ந்த சீ.சீ.ஆர்.5இன் புதுவடிவையே பற்றிப் புகக் கற்ற வைரசும் தோன்றியுள்ளது.

சோதனைச்சாலையில் இவ்வாறு விவாதிக்கப்பட்ட வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை இரு நோயாளிகளின் வரலாறு காட்டும். பேர்லினில் வாழ்ந்த அமெரிக்கரான திமதி றே பிரவுண் என்பவருக்கு எச்.ஐ.வி.யோடு குருதிப் புற்றுநோயும் கண்டது. என்புமச்சை மூலக்கலம் மாற்றவேண்டியிருந்தபோது, வைத்தியர் கேரோ ஹூற்றர், பொருத்தமுடையோருள் 32 எழுத்துக் குறைவை இரு பக்கத்தாலும் பெற்ற ஒருவரைத் தேடினார். 61ஆவதாகச் சோதிக்கப்பட்டவரிடம் அது காணப்பட்டது. 2007 பெப்புருவரியிலும், புற்றுநோய் மீண்டதனால் 2008 மார்ச்சிலும் மாற்றீடு நிகழ்ந்தது. எச்.ஐ.வி. மருந்துகளை நிறுத்திய பின்னரும் வைரசு மீளவில்லை. 2020இல் புற்றுநோயினால் இறக்கும்வரை அவர் எச்.ஐ.வி. இன்றியே வாழ்ந்தார். 2019இல் அறிவிக்கப்பட்ட இலண்டன் நோயாளி ஒருவரும் அவ்வாறே குணமடைந்தார்.

ஜேர்மனியின் எசன் நகரில் வேறொரு நோயாளிக்கும் அத்தகைய குறையுடையவரின் மூலக்கலமே மாற்றப்பட்டது. அவருக்கு வந்தது நிணநீர்ப் புற்றுநோய். மாற்றீட்டை ஒட்டி எச்.ஐ.வி. மருந்துகள் நிறுத்தப்பட்டிருந்தன. சில வாரங்களுள் வைரசு மீண்டது. மீண்ட வைரசைச் சோதித்தபோது அது சீ.எக்ஸ்.சீ.ஆர்.4 வாயிலாற் புகுவது எனத் தெரிந்தது. மாற்றீட்டுக்கு முன் சேமித்த குருதியின் வீ.3 எழுத்துக்களை ஆழமாக வாசித்துப் பார்க்க, அத்தகைய வைரசு சிறுபான்மையாக முன்னரே அங்கிருந்தமை புலனாயிற்று. இவ்வரலாறு 2014இல் வெளியிடப்பட்டது. மருந்துகள் மீண்டும் வழங்கப்பட்டன. ஆயினும் நிணநீர்ப் புற்றுநோய் திரும்பிவர, அந்நோயாளி இறந்தார்.

ஈண்டு ஒரு நுட்பமான ஐயம் எழுந்தது. திமதி பிரவுணிடமும் மாற்றீட்டுக்கு முன் நூற்றுக்கு மூன்றளவான வைரசு, வீ.3 எழுத்துக்களின்படி, எக்ஸ்.4 எனக் கணிக்கப்பட்டிருந்தது. எசனில் மீண்ட சிறுபான்மை பேர்லினில் ஏன் மீளவில்லை? ஆராய்ச்சியாளர் பேர்லின் நோயாளியின் அவ்வைரசுகளின் மேலுறைப் புரதத்தை ஆய்வுசாலையில் ஆக்கி, கலங்களிற் சோதித்தனர். கணிப்புமுறை எக்ஸ்.4 எனக் குறித்த அவ்வைரசுகள், நேரிற் சோதித்தபோது சீ.சீ.ஆர்.5ஐயே நம்பியிருந்தன. வளையத்தின் எழுத்து ஒன்றைச் சொல்ல, முள் முழுவதும் கூடிய வைரசு வேறொன்றைச் செய்தது. வீ.3க்குப் புறம்பே, முதலாம் இரண்டாம் வேறுபடு பகுதிகளும் ஜீ.பீ.41இன் சில இடங்களும் வாயில் தெரிவில் பங்குகொள்கின்றன என்பது வேறு ஆய்வுகளாலும் தெரியவந்துள்ளது. கணிப்புமுறைகள் பெரும்பாலும் வாசிப்பதோ வீ.3இன் 35 அமினோவமிலங்களை மட்டுமே.